கோலாலம்பூரில் இருந்துகொண்டு இந்தியாவிலிருந்து இரண்டாவது பிள்ளையைத் தத்தெடுக்க: ஒரு வழிகாட்டி

எங்கள் மூத்த மகளை 2017இல் கோயம்புத்தூரில் வசித்தபோது தத்தெடுத்தோம். பிறகு கணவரின் வேலை எங்களைக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அவளுக்குத் துணையாக இன்னொரு பிள்ளை வேண்டும் என்று முடிவெடுத்தபோது, ஒருமுறை நடந்து பழகிய பாதைதானே என்ற தைரியத்தில் இறங்கினோம். வசிக்கும் நாடு மாறினால் பாதையே மாறிவிடும் என்பது எங்களுக்கு உறைக்க எட்டு மாதம் பிடித்தது. உள்நாட்டில் வசிப்பவர்களுக்கான படிவத்தில் பதிவு செய்தோம். செல்லாத அறிக்கைக்குப் பணம் கொடுத்தோம். காலாவதியான சான்றிதழ்களை மறுபடியும் அலைந்து வாங்கினோம். இப்போது மகன் வீட்டில் இருக்கிறான். அந்த எட்டு மாதம் வேறு எந்தக் குடும்பத்துக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். குழந்தையைத் தேடிப் போவதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள். எந்தச் சட்டத்தின்படி அந்தக் குழந்தை உங்கள் பிள்ளையாகப் போகிறது? எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு, எந்த அனுமதியில் மலேசியாவில் உங்களோடு தங்கப் போகிறது? பதிலை வாய்மொழியாகக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் இருக்கின்றன.

1. உங்கள் கையில் இருப்பது எந்தப் பாஸ்போர்ட்?

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரே தெருவில் எதிரெதிரே வசிக்கும் இரண்டு தமிழ்க் குடும்பங்களுக்குக்கூட வழி வேறு வேறாக இருக்கும். ஒருவர் இங்கேயே பிறந்த மலேசியக் குடிமகன், மற்றவர் வேலைக்கு வந்த இந்தியக் குடிமகன் என்றால், ஒருவர் சொல்லும் ஆலோசனை மற்றவருக்குப் பொருந்தாது. கோயிலில் சந்திக்கும் நண்பர் நல்ல மனத்தோடுதான் வழி சொல்வார். அவரிடம் முதலில் பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேளுங்கள்.

நாங்கள் இந்தியக் குடிமக்கள், அதாவது வெளிநாடுவாழ் இந்தியர்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களுக்கானது. நாடு கடந்த தத்தெடுப்புக்கான 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2003இல் இணைந்தது; மலேசியா இணையவில்லை. இணைந்த நாடுகளில், இந்தியாவின் மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காரா அங்கீகரித்த நிறுவனமோ அந்நாட்டு மைய அமைப்போ உங்களுக்காகக் கோப்பைத் தயார் செய்து அனுப்பும். இங்கே அப்படிக் கைப்பிடித்து அழைத்துப் போக யாரும் இல்லை. இந்தியக் குடிமக்கள் தொடங்க வேண்டிய இடம் மொன்ட் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகம். ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு: முன்னுரிமை வரிசையில் வெளிநாடுவாழ் இந்தியர்கள் இந்தியாவில் வசிப்பவர்களுக்குச் சமமாகவே வைக்கப்படுகிறார்கள்.

மலேசியக் குடிமக்களுக்குச் சில வார்த்தைகள். இங்கே இரண்டு சட்டங்கள் உள்ளன, இரண்டும் 1952ஆம் ஆண்டுக்குரியவை. தத்தெடுப்புச் சட்டம் 257 முஸ்லிம் அல்லாதவர்களுக்கானது. செஷன்ஸ் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ ஆணை தரும். விண்ணப்பதாரரும் குழந்தையும் தீபகற்ப மலேசியாவில் வசிக்க வேண்டும். ஆணைக்கு முன் குறைந்தது மூன்று மாதம் குழந்தை தொடர்ச்சியாக உங்கள் பராமரிப்பில் இருக்க வேண்டும், சமூக நலத் துறைக்கும் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். சட்டம் 253 தேசியப் பதிவுத் துறையில் பதிவு செய்வது; முஸ்லிம்களும் பயன்படுத்தலாம். ஆனால் குழந்தை 18 வயதுக்குள் இருந்து, இரண்டு ஆண்டுகள் உங்களிடம் வளர்ந்திருக்க வேண்டும். இந்தப் பதிவினால் வாரிசுரிமை தானாக வந்துவிடாது. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டம்.

வெளிநாட்டுக் குழந்தையாக இருந்தால் சிக்கல் எங்கே என்று இப்போது புரிந்திருக்கும். குழந்தை முதலில் முறைப்படி இந்த நாட்டுக்குள் வந்து தங்கியிருந்தால்தான் நீதிமன்றத்துக்கே போக முடியும். ஆணை கிடைத்தாலும் அது குடியுரிமை ஆகாது. குடியுரிமைக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது அரசின் விருப்புரிமைக்கு உட்பட்டது. அதற்கான வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை மக்களவை 2024 அக்டோபரில் நிறைவேற்றியது. வயதில் சற்றுப் பெரிய குழந்தையை எடுக்க நினைப்பவர்களுக்கு இது கவலைக்குரிய விஷயம். நீங்கள் இந்த வகையில் இருந்தால், குழந்தையின் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குடும்பச் சட்டமும் குடியுரிமை வழக்குகளும் அறிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

2. தகுதிக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள்

இந்தியாவின் 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி தம்பதியினர் இருவரின் வயதையும் கூட்டிப் பார்க்கிறார்கள். இரண்டு வயது வரையிலான குழந்தைக்குக் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை 90, நான்கிலிருந்து எட்டு வரை 100, எட்டிலிருந்து பதினெட்டு வரை 110. தனியாகத் தத்தெடுப்பவருக்கு இவை முறையே 40, 45, 50, 55. குழந்தைக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 25 வயதாவது இடைவெளி வேண்டும். திருமணமாகி நிலையான இல்லறத்தில் இரண்டு ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

கணக்குப் பார்ப்பது பதிவு செய்யும் தேதியில் உள்ள வயதைத்தான். எங்கள் கூட்டு வயது அப்போது 84. இன்னும் சில மாதம் யோசித்துக்கொண்டிருந்தால் கைக்குழந்தைக்கான வாசல் மூடியிருக்கும். கடைசியில் நாங்கள் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிரிவையே தேர்ந்தெடுத்தோம் என்றாலும், தேர்வு நம் கையில் இருப்பது வேறு, காலம் கடந்துபோய் வேறு வழியின்றி ஏற்பது வேறு.

வீட்டில் ஏற்கெனவே பிள்ளை இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: ஒரு பிள்ளை இருந்தால் தடை ஏதும் இல்லை. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் சிறப்புத் தேவையுள்ள குழந்தை, எளிதில் பெற்றோர் அமையாத குழந்தை, உறவினரின் குழந்தை, வாழ்க்கைத்துணையின் முந்தைய பிள்ளை ஆகியோரை மட்டுமே தத்தெடுக்கலாம். 2017ஆம் ஆண்டு விதிகளில் மூன்று பிள்ளைகள் என்று இருந்ததால் பழைய தகவலைப் பலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

3. வெறும் தத்துப்பத்திரத்தை நம்பி இறங்காதீர்கள்

"ஊரில் ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்தால் முடிந்தது, எதற்கு இவ்வளவு அலைச்சல்?" என்று எங்களிடம் குறைந்தது பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். அவர்கள் சொல்வது 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம். அது செல்லுபடியாகும் சட்டம்தான். ஆனால் அதில் மகன் இருப்பவர் மகனைத் தத்தெடுக்க முடியாது. மகள் இருப்பவர் மகளைத் தத்தெடுக்க முடியாது. இரண்டாவது பிள்ளைக்குப் போகும் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் இடறுகின்றன. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. குழந்தையை நாட்டுக்கு வெளியே அழைத்துப் போவதென்றால், பத்திரத்தோடு காராவின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் மதப் பாகுபாடு இல்லை; ஒரே பால் பிள்ளை இருக்கக் கூடாது என்ற தடையும் இல்லை. நாங்கள் இரண்டு முறையும் இந்தச் சட்டத்தின் வழியேதான் போனோம்.

உறவினர் பிள்ளையை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் பேச்சு வழக்கில் ஒன்றுவிட்ட அண்ணன் பிள்ளையும் சொந்தம்தான், சித்தி பேத்தியும் சொந்தம்தான். இந்தச் சட்டத்தில் உறவினர் என்றால் குழந்தையின் தந்தை வழி, தாய் வழி அத்தை, மாமா, பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி, தாத்தா, பாட்டி ஆகியோர் மட்டுமே. உங்கள் உடன்பிறந்தவரின் பிள்ளை என்றால் வரும். ஒன்றுவிட்டவரின் பிள்ளை என்றால் வராது. உறவுக்குள் என்றாலும், வெளிநாட்டில் வசிப்பவர் காராவின் வழியாகத்தான் போக வேண்டும். முறையை மீறிக் குழந்தையைக் கொடுத்தாலோ பெற்றாலோ மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பணத்துக்குக் குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவலுக்குரிய குற்றம். "மருத்துவமனையில் தெரிந்த ஆள் இருக்கிறார்" என்று யாராவது தொடங்கினால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்படி வரும் குழந்தையின் பின்னால் ஏமாற்றப்பட்ட ஒரு தாய் இருக்கக்கூடும்.

4. மலேசியாவில் தங்கும் அனுமதியை முதலிலேயே கேட்டுவிடுங்கள்

இந்தியக் குடிமக்கள் தத்தெடுக்கும் இந்தியக் குழந்தை இந்தியக் குடியுரிமையோடுதான் வரும். அதற்கு இங்கே தேவைப்படுவது டிபென்டன்ட் பாஸ், அதாவது வேலைக்கு வந்தவரின் குடும்பத்தினர் தங்குவதற்கான அனுமதி. 18 வயதுக்குட்பட்ட, சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கும் அது உண்டு. ஆனால் விண்ணப்பிப்பது நீங்கள் அல்ல; உங்களுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியை வாங்கித் தந்த நிறுவனம். ஆகவே முதல் மாதமே மனிதவளப் பிரிவில் உட்கார்ந்து மூன்று விஷயங்களைக் கேளுங்கள். உங்கள் பாஸ் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ள இடம் தரும் வகையா? பாஸ் எப்போது முடிகிறது? தத்தெடுத்த பிள்ளைக்கு அவர்கள் ஏற்கெனவே விண்ணப்பித்துப் பழக்கம் உண்டா?

மூன்றாவது கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. மனிதவளப் பிரிவில் இருந்த பெண்மணி அன்பானவர்தான். ஆனால் பிறப்புச் சான்றிதழில் எங்கள் பெயர் இருந்தால் போதும் என்று அவராகவே முடிவு செய்து, தத்தெடுப்பு ஆணையை இணைக்காமல் அனுப்பிவிட்டார். விண்ணப்பம் திரும்பி வந்தது, மூன்று வாரம் போயிற்று.

இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் வரும் சலுகை 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதை நம்பிக் குழந்தையைச் சுற்றுலாப் பயணியாக அழைத்து வந்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள். பாஸ் தாமதமானால், புதிதாக உங்களிடம் வந்து ஒட்டத் தொடங்கிய குழந்தையோடு மறுபடியும் விமானம் ஏற வேண்டியிருக்கும். குடிநுழைவுத் துறையின் ஒப்புதல் கைக்கு வந்த பின் பயணம் செய்யுங்கள்.

5. ஆவணங்கள்: பெயர், தேதி, முத்திரை

பட்டியல் நீளமானது: குடும்பப் புகைப்படம், பாஸ்போர்ட் நகல்கள், இருவரின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், முந்தைய திருமணம் இருந்தால் விவாகரத்து ஆணை அல்லது இறப்புச் சான்றிதழ், வருமானச் சான்று, வேலைக் கடிதம், முகவரிச் சான்று, மருத்துவச் சான்று, காவல்துறை நற்சான்று, உங்களை நன்கு அறிந்த இருவரின் பரிந்துரைக் கடிதம். இவற்றைச் சேர்ப்பதைவிட, இவை ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி பார்ப்பதுதான் கடினம்.

பெயரிலிருந்து தொடங்குங்கள். தமிழர்களுக்கு இது தீராத தலைவலி. திருமணச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் தந்தையின் முதலெழுத்து. பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப் பெயர் பின்னால். பட்டச் சான்றிதழில் முதலெழுத்தே இல்லை. கணவரின் பாஸ்போர்ட்டில் என் பெயர் மூன்றாவது விதமாக இருந்தது. கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இவை நான்கு பெண்கள். ஆவணங்களை வரிசையாகத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாறுபாடு இருந்தால் எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, முதல் நாளே கோப்பில் வையுங்கள். கேட்ட பிறகு கொடுத்தால் ஒரு மாதம் போய்விடும்.

நற்சான்று இரண்டு வேண்டும். இந்தியாவுக்கானதை இந்தியத் தூதரகத்தின் வழியாக வாங்கலாம். மலேசியாவில் வாழ்ந்த காலத்துக்கான நன்னடத்தைச் சான்றிதழை விஸ்மா புத்ரா, அதாவது வெளியுறவு அமைச்சு தருகிறது, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 20 ரிங்கிட்தான், ஆனால் எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. இதையும் மருத்துவச் சான்றையும் கடைசியில் வாங்குங்கள். நாங்கள் ஆர்வத்தில் முதலில் வாங்கினோம். மற்றவை சேர்வதற்குள் இரண்டும் பழையனவாகிவிட்டன. மருத்துவச் சான்றில் "நலமாக இருக்கிறார்" என்று மட்டும் எழுதினால் போதாது. தீராத நோயோ தொற்றுநோயோ உயிருக்கு ஆபத்தான நோயோ இல்லை, பிள்ளை வளர்க்க உடல்தகுதி உண்டு என்று அந்தச் சொற்களிலேயே இருக்க வேண்டும். வாசகத்தை அச்சிட்டுக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே சான்று முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்க வழி செய்யும் அப்போஸ்டில் உடன்படிக்கையிலும் மலேசியா இல்லை. அதனால் இங்கே பெற்ற ஆவணம் இந்தியாவில் செல்லுபடியாக விஸ்மா புத்ராவின் முத்திரை, அதன்மேல் இந்தியத் தூதரகத்தின் முத்திரை என்று இரண்டு படி. பின்னால் இந்திய ஆவணங்களை இங்கே காட்டும்போது வரிசை தலைகீழாகும்: இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு மலேசியத் தூதரகம். சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருப்பது நமக்கு வசதி.

இன்னும் ஒரு ஆவணத்தைச் சொல்லாமல் வைத்திருந்தேன். வீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். மகளுக்கு அப்போது ஆறு வயது. நான் எழுதிக் கொடுத்து அவளைக் கையெழுத்திடச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அவள் பென்சிலைச் சீவி எடுத்துக்கொண்டு, தானே எழுதுவதாகச் சொன்னாள். இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்து, "அந்தப் பாப்பாவிடமும் கேட்பார்களா, நாம் வேண்டுமா என்று?" என்றாள். வயதில் பெரிய குழந்தை என்றால் கேட்பார்கள் என்றேன். அதற்குப் பிறகுதான் தன் பெயரை எழுதினாள். உங்கள் பிள்ளையிடம் இதை அவசரமாக வாங்காதீர்கள். தத்தெடுக்கப்பட்ட மூத்த பிள்ளை என்றால் இன்னும் நிதானமாகப் பேசுங்கள். தன் கதையையே அவள் மறுபடி கேட்கிறாள்.

6. வீட்டாய்வு

வீட்டாய்வு என்றால், உங்கள் வீடும் குடும்பமும் பிள்ளை வளர்க்க ஏற்றவையா என்று நேரில் பார்த்து எழுதும் அறிக்கை. எங்கள் பெரிய தவறு இங்கேதான். அனுபவமுள்ள சமூகப் பணியாளர் ஒருவரை நாங்களே அமர்த்தி, பணம் கொடுத்து, இருபது பக்க அறிக்கை வாங்கினோம். நல்ல அறிக்கை. ஆனால் அதை எழுத அங்கீகாரம் இல்லாதவர் எழுதியது என்பதால் ஏற்கப்படவில்லை. வீட்டாய்வை யார் செய்வது, எந்த வடிவத்தில் செய்வது என்பதைத் தூதரகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகே அடுத்த அடி வையுங்கள். காராவின் கேரிங்ஸ் இணையதளத்தில் பதிவு செய்யும்போதும் இந்தியாவில் வசிப்பவர் என்ற பிரிவைத் தவறியும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஊரில் உள்ள மாமனார் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பொய்யான தகவலில் தொடங்கும் கோப்பு ஆணை வரைக்கும் போய்க்கூட உடையலாம்.

வருகையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வீடு எவ்வளவு பெரியது என்று அளந்து பார்க்க யாரும் வருவதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர் பதினான்காம் மாடி பால்கனிக் கம்பியின் இடைவெளியைக் கையால் அளந்தார், மருந்துப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார், பிறகு மகளோடு தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் படம் வரைந்தார். எங்களிடம் அவர் கேட்டவற்றில் கடினமான கேள்வி ஒன்றுதான்: இரண்டாவது பிள்ளை முதல் பிள்ளையைப் போல உங்களோடு ஒட்டவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? இதற்குப் பதிலைத் தயார் செய்யாதீர்கள், கணவனும் மனைவியுமாக உண்மையாகவே பேசுங்கள். நாங்கள் அன்றிரவு வெகுநேரம் பேசினோம். அறிக்கை மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

7. காத்திருப்பும் பணமும்

உடல்நலமுள்ள கைக்குழந்தைக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கலாம். குழந்தையின் வயது கூடக் கூட வரிசை குறையும். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கும் எளிதில் பெற்றோர் அமையாத குழந்தைகளுக்கும் தனிப் பட்டியல் இருக்கிறது. அங்கே நீண்ட வரிசை இல்லை. சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் அந்தப் பட்டியலுக்குப் போகாதீர்கள். அந்தக் குழந்தைக்கு வேண்டிய சிகிச்சையும் பள்ளியும் இங்கே உங்களால் தர முடியுமா, வெளிநாட்டவருக்கான கட்டணத்தில் தாங்க முடியுமா என்று கணக்கிட்டுப் போங்கள். நான்கு வயதுக்கு மேல் என்று பதிந்த எங்களுக்கு 22 மாதம் ஆனது.

வெளிநாட்டில் வசிக்கும் பெற்றோர் இந்தியத் தத்தெடுப்பு மையத்துக்குச் செலுத்த வேண்டியது 5,000 அமெரிக்க டாலர், ஏறக்குறைய 20,000 ரிங்கிட். மகளுக்கு உள்நாட்டுக் கட்டணமாக ரூபாயில் சில பத்தாயிரங்கள் கட்டிய எங்களுக்கு இது திகைப்பாகத்தான் இருந்தது. முத்திரைகள், மொழிபெயர்ப்பு, வீட்டாய்வு, விமான டிக்கெட், மகன் இருந்த ஒடிசாவில் தங்கிய செலவு எல்லாம் சேர்த்து மேலும் அதில் முக்கால் பங்கு ஆயிற்று. எல்லாவற்றையும் வங்கி வழியாக, ரசீதோடு செலுத்துங்கள். விதியில் இல்லாத நன்கொடை என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள், காராவுக்கு எழுதுங்கள்.

8. குழந்தையின் விவரம் வரும் நாள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. புகைப்படம், குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை. அந்தக் குழந்தையை உங்களுக்கு ஒதுக்கிவைக்கும்படி பதில் சொல்ல மணிக்கணக்கில்தான் நேரம் தருகிறார்கள்; அதன் பிறகு கையெழுத்திட்டு ஏற்க 30 நாள். அதனால் குழந்தைநல மருத்துவர் ஒருவரை முன்பே பேசி வைத்திருங்கள். புகைப்படத்தைப் பார்த்த பிறகு நம்மால் எண்களைப் பார்க்க முடியாது.

எங்கள் மருத்துவர் படத்தைக் கையால் மூடிக்கொண்டுதான் படித்தார். எடை, உயரம், தலைச் சுற்றளவு மூன்றையும் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டினார். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி பரிசோதனைகள் எந்தத் தேதியில் செய்யப்பட்டன என்று பார்த்தார். இரத்தசோகை இருக்கிறது, சரியாகிவிடும் என்றார். பேச்சைப் பற்றி அறிக்கையில் ஒரே வரி இருந்ததால், மையத்திடம் கேட்க ஐந்து கேள்விகள் எழுதித் தந்தார். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

படத்தைக் குடும்பக் குழுவில்கூடப் பகிராதீர்கள். தத்தெடுப்புக்கு உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். என் மாமியாருக்குக்கூட ஆணை வந்த பிறகுதான் காட்டினோம்.

9. ஆணை, பாஸ்போர்ட், பயணம்

மகளுக்கு நீதிமன்றம் தந்த ஆணையை மகனுக்கு மாவட்ட ஆட்சியர் தந்தார். 2022 செப்டம்பர் 1 முதல் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. மனு தாக்கலானதிலிருந்து இரண்டு மாதத்தில் ஆணை வர வேண்டும் என்பது விதி. காராவின் தடையில்லாச் சான்றும், உங்கள் பெயரோடு பிறப்புச் சான்றிதழும், பிறகு பாஸ்போர்ட்டும் இதோடு சேரும். குழந்தையை அழைத்துவர நீங்களே நேரில் போக வேண்டும்.

திரும்பி வரும் டிக்கெட்டைத் தேதி போட்டு எடுக்காதீர்கள். எங்களுக்கு ஒடிசாவில் பத்து நாள் என்று நினைத்தது 27 நாள் ஆனது. ஆணையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயரின் எழுத்துக்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அலுவலக வாசலைத் தாண்டுவதற்கு முன் பாருங்கள். கோலாலம்பூர் வந்த பிறகு ஓர் எழுத்தைத் திருத்த மறுபடியும் விமானம் ஏற வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத எதையும் சான்றளித்த மொழிபெயர்ப்போடு வாங்கி, முத்திரைகளையும் இந்தியாவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து சான்றளித்த நகல்கள் வேண்டும். தடுப்பூசி அட்டையின் அசலைக் கேட்டு வாங்குங்கள்.

காத்திருக்கும் நாட்களில் குழந்தையின் மொழியில் ஐம்பது சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள். முதல் இரவு மகன் விழித்துக்கொண்டு "பாணி, பாணி" என்றான். ஒடியாவில் அது தண்ணீர். அது தெரிந்திருந்ததால் அந்த இரவை அவனால் அழாமல் கடக்க முடிந்தது. உணவு, வலி, கழிப்பறை, பயம், போகாதே, இங்கேதான் இருக்கிறேன்: இந்தச் சொற்களை முதலில் படியுங்கள்.

10. கோலாலம்பூர் வந்த பிறகு

பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் குழந்தைக்கும் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். விமான நிலையத்தில் ஆணையின் நகலைக் கைப்பையில் வைத்திருங்கள். வந்த முதல் வாரத்தில் இங்குள்ள குழந்தைநல மருத்துவரிடம் தடுப்பூசி அட்டையைக் காட்டி, விட்டுப்போனவற்றை அட்டவணை போடச் சொல்லுங்கள்.

விடுப்பு விஷயத்தை முன்பே பேசி முடியுங்கள். மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத்தில் உள்ள 98 நாள் மகப்பேறு விடுப்பு பிள்ளை பெற்றவர்களுக்கானது. தத்தெடுத்தவர்களுக்கு அது கிடைக்காது. நான் இரண்டு ஆண்டாகச் சேர்த்து வைத்த ஆண்டு விடுப்பையும் சம்பளமில்லா விடுப்பையும் சேர்த்துப் பத்து வாரம் எடுத்தேன். பத்தும் தேவைப்பட்டது. பள்ளியில் உடனே சேர்க்காதீர்கள். முதலில் வீட்டில் யார் யார் என்று குழந்தைக்குப் புரியட்டும்.

குழந்தை புது வீட்டில் எப்படி இருக்கிறது என்று எழுதும் பின்தொடர் அறிக்கைகள் மொத்தம் ஆறு. முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று. இவற்றைத் தவறவிட்டால், அடுத்து மலேசியாவிலிருந்து இதே வழியில் வரும் குடும்பங்களின் கோப்புகள்மீதும் நம்பிக்கை குறையும். பெட்டியில் ஒரு தனிக் கோப்பு வைத்து, உயரம், எடை, தடுப்பூசி, பேச்சு, தூக்கம், மூத்த பிள்ளையோடு பழகும் விதம் ஆகியவற்றை மாதம் ஒருமுறை இரண்டு வரி எழுதி வாருங்கள். அறிக்கை நாளில் நினைவிலிருந்து தேட வேண்டாம். நான்காவது அறிக்கைக்காக எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் மகன் தானாகவே போய், தண்ணீர் வேண்டுமா என்று தமிழில் கேட்டான். அதையும் அவர் எழுதிக்கொண்டார். ஐந்தாவது அறிக்கைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.